வலப்பக்கத்து ஸ்டியரிங்

படத்தைப் போட்டது என் பிழைதான். மாதிரிக் கார் ஒட்டுகிறவர்களின் குழுவில் ஒரு படம் போட்டால் நாலு பேர் "அருமை" என்று எழுதுவார்கள், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீங்கள் விடுகிற ஆட்களா? "ஸ்டியரிங் எங்கே?" என்று கேட்டார் ஒருவர். "அது இடப்பக்கம் இருந்து ஓட்டுகிற ஜேர்மன் கார். வலப்பக்கத்தில் யார் துளை போட்டது?" என்றார் இன்னொருவர். நம் குழுவின் பெரிய கெட்டிக்காரர், வெளியே புதுப் பெயின்ற் மினுங்க உள்ளே பழையதை அப்படியே விட்டிருப்பது என்ன கோலம் என்று கேட்டு, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகத்தையும் போட்டிருந்தார்.

ஒரு வரியில் பதில் எழுதப் பார்த்தேன். வரவில்லை. நாமெல்லாம் தலை நரைத்த பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியும் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் ரயருக்குச் சேறு பூசுகிற ஆட்கள். வீட்டில் நம்மை வைத்துச் சிரிக்கிறார்கள் என்பதும் தெரியும். உங்களுக்குச் சொன்னால் விளங்கும் என்ற நம்பிக்கையில் நீட்டியே எழுதுகிறேன்.

கல்லடியில், வாவிக் கரையிலிருந்து இரண்டு வளவு தள்ளி எங்கள் வீடு. அப்பா டிப்போவில் பஸ் சாரதி. அண்ணன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்தான். அக்கா சாதாரணதரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கடைக்குட்டி, யாரும் கவனிக்காத ஆள். அதனால் எல்லாவற்றையும் கவனிக்கிற ஆளும் நான்தான்.

பொடியன்கள் ஒவ்வொருவராக வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ரியூசனுக்கென்று காலையில் சைக்கிளை எடுத்தவன் மத்தியானச் சோற்றுக்கு வரமாட்டான். இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று பின்னேரம் ஊருக்குத் தெரியவரும். போகாமல் வீட்டில் இருந்தவனைச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். இருந்தாலும் பயம், போனாலும் பயம். வளர்ந்த மகன் உள்ள வீடுகளில் தாய்மார் சரியாகச் சாப்பிடுவதைக்கூட விட்டுவிட்டார்கள். எங்கள் அம்மா முகம் கழுவப் போனாலும் வழியில் வாசற்படியை ஒருதரம் பார்த்துக்கொண்டுதான் போவாள். அங்கே அண்ணனின் செருப்பு கிடக்க வேண்டும். கிடந்தால்தான் அவளுக்கு அடுத்த மூச்சு.

அப்பா அண்ணனின் சைக்கிளைத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினார். திறப்பை இடுப்பு வாரில் கொழுவிக்கொண்டு டிப்போவுக்குப் போனார். அக்காவின் சைக்கிளைப் பூட்டவில்லை. அவள் படிக்கப் போக வேண்டுமே. கடைக்குப் போவதும், மாவு அரைக்கப் போவதும், அப்பாவுக்குச் சோறு கொண்டு போவதும் இனி அவள்தான் என்று ஆயிற்று. பக்கத்து வளவு மாமி ஒருநாள், "பெரியவள இப்பிடித் தனிய விடுறியேகா?" என்று கேட்டாள். அம்மா சிரித்தாள். "பொம்புளப் புள்ளைக்கு என்னகா பயம்? பயமெல்லாம் இவனை நினைச்சுத்தான்" என்றாள். மாமியும் அது சரிதான் என்று தலையாட்டினாள்.

குவைத்தில் வேலை செய்த மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, அப்பா சொல்லி அனுப்பினார்: இவனை வீட்டுக்குள்ளே வைத்திருக்க ஏதாவது அனுப்பு. மாமா என்ன யோசித்தாரோ, ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டார். மூடியில் கதவுகள் மேல்நோக்கித் திறந்த ஒரு சிவப்புக் கார். உள்ளே பார்த்தால் கார் இல்லை. சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக். ஒவ்வொரு சட்டத்திலும் கொடியில் பிஞ்சு பிடித்த மாதிரிச் சாமான்கள், பக்கத்தில் குட்டி இலக்கங்கள். ஒரு குழாய்ப் பசை. கறுப்பு ரப்பர் ரயர்கள், ஒரு கடதாசிப் பையில். முன்னும் பின்னும் பூட்டுகிற பம்பர் இரண்டும் வெள்ளிப் பாத்திரம் போலப் பளபளத்தன. அந்தப் பசையின் மணம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். புதிதாக வாங்கிய குழாயை ஒருதரம் மூக்கருகே பிடிக்காமல் நான் வேலை தொடங்குவதில்லை. நீங்களும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும், மறைக்க வேண்டாம்.

அண்ணனுக்கு அந்தக் கார் பிடித்துப்போயிற்று. சவர பிளேட்டால் ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டிய இடத்தைப் உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டி, ஒட்டாமல் முதலில் பொருத்திப் பார்ப்பான். பொருந்தினால் எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவான். கச்சான் காற்று வீசுகிற காலம். பெயின்ற் சீக்கிரம் காயும், ஆனால் மணலும் வந்து ஒட்டும். பெயின்ற் அடித்த கையோடு அம்மாவின் பெரிய அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து மூடுவான். அம்மா சோறு வடிக்கச் சட்டியைத் தேடி வந்து நிற்பாள். "இன்னும் காயலம்மா" என்பான். அம்மாவுக்குக் கோபமே வராது. பக்கத்து வீட்டில் சட்டி இரவல் வாங்கிச் சமைப்பாள். மகன் வீட்டுக்குள் இருக்கிறானே, அது போதும் அவளுக்கு.

ஸ்டியரிங் சங்கதியில்தான் அப்பா வந்து புகுந்தார். டிப்போவிலிருந்து வந்து, காக்கிச் சட்டையைக் கழற்றிக்கொண்டே குனிந்து பார்த்தவர், "இந்தா பார், வெள்ளக்காரனும் பிழை விடுவான். ஸ்டியரிங்க அங்கால போட்டிருக்கான்" என்றார்.

"அந்த நாட்டில அப்பிடித்தான் ஓடுறப்பா" என்றான் அண்ணன்.

"அந்த நாட்டில எப்பிடியும் ஓடட்டும். இது கல்லடியில நிக்கப்போற கார். அங்கால இருந்து ஓடினா, பாலத்தில எதிர வாறவனை எப்பிடிப் பார்க்கிற?"

பழைய பாலம் ஒடுக்கம். ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை மறுபக்கம் காத்து நிற்கும். அப்பாவின் வாழ்க்கையில் பாதி அந்தப் பாலத்தடியில் நின்றே போயிற்று. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உள்ளபடியே அதைக் கம்பனிக்காரன் விட்ட பிழை என்று நினைத்தார். அண்ணனுக்குச் சிரிப்பு. அக்காதான், "அப்பாட ஆசைக்குச் செய்யன் அண்ணா. எங்கட கார் எங்கட பக்கம் இருக்கட்டும்" என்றாள்.

அண்ணன் ஸ்டியரிங் பூட்டுகிற முன்தட்டை வெட்டி, இடப்பக்கத்துத் துண்டை வலத்துக்கு மாற்றி, சூடாக்கிய ஊசியால் புதுத் துளை போட்டான். வெட்டி ஒட்டியதில் மணிக்கூடு மாதிரி இருந்த வட்டங்கள் அழிந்துபோயின. அதை வரைகிற வேலை அக்காவுக்கு. கடைத் தூரிகை தடிப்பாக இருந்தது. அக்கா தன் பின்னலின் நுனியில் நாலைந்து மயிரை வெட்டி, ஈர்க்கில் நூலால் கட்டி, அதால் வரைந்தாள். வேகம் காட்டும் முள், பெற்றோல் காட்டும் முள், எல்லாம். வரையும்போது நாக்கு நுனி வெளியே நிற்கும். மூச்சை அடக்கிக்கொண்டிருப்பாள். எங்களையும் மூச்சு விட விடமாட்டாள்.

இப்படியே வேலை ஓடினால் கார் சீக்கிரம் முடிந்துவிடும் என்று அம்மாவுக்கு விளங்கியது. முடிந்தால் இவன் பிறகு என்ன செய்வான்? வளவு வாசல் கடப்படியில் போய் நிற்பான். நின்றால் சிநேகிதன் வருவான். வந்தால்? அம்மாவின் யோசனை அந்த வழியில்தான் ஓடியிருக்க வேண்டும். சாமான்கள் காணாமற்போகத் தொடங்கின. சக்கர மூடி ஒன்று போயிற்று. இரண்டு மூன்று நாள் தேடவைத்துவிட்டுப் பாய்க்கு அடியிலிருந்து வந்தது. பக்கக் கண்ணாடி போயிற்று. அது விளக்குமாற்றில் கிடைத்தது. அண்ணன் என்னைத்தான் சந்தேகப்பட்டான், குட்டும் விழுந்தது. ஸ்டியரிங் போனபோதுதான் நான் கண்டேன். குசினியில் அம்மா கூனி போட்டு வைக்கிற தகரப் பேணியைத் திறந்து, காய்ந்த கூனியை விரலால் ஒதுக்கி, அந்தக் குட்டி வட்டத்தை உள்ளே புதைத்தாள். வாவியில் வடித்துக் காயவைத்த கூனி இறால் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு பேணி நிறைய இருக்கும். அம்மா திரும்பியபோது நான் வாசலில் நின்றேன்.

ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவள் என்னைக் கிட்ட இழுத்து, "சொல்லாத கிளி. கார் முடியாட்டி அண்ணன் எங்கயும் போகமாட்டான்" என்றாள். பேணியின் மூடியை மூன்று தரம் இறுக்கிப் பார்த்தாள். எனக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான். அதுவரை பெரியவர்களின் பயம் அவர்களோடு இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் முதலில் கூனிப் பேணியைத் திறந்து பார்ப்பேன். ஸ்டியரிங் கிடக்கும். அண்ணன் வீட்டில்தான் இருப்பான். ஒன்றுக்கொன்று சரியாக இருந்தது.

வீடே ஸ்டியரிங் தேடியது. கண்டுபிடிக்க முடியாதது அண்ணனுக்குப் பெரிய கவலையாக இல்லை. இருக்கைக்குத் தையல் கோடு போடுவதும், போட்டது பிடிக்காமல் அழித்துத் திரும்பப் போடுவதுமாக இருந்தான். அந்தரப்பட்டது அக்காதான். முற்றத்து மணலை மாவரிக்கிற அரியால் அரித்தாள். கட்டிலை இழுத்துப் போட்டுத் தேடினாள்.

"ஒரு வட்டந்தானே, கம்பியில வளைச்சு வையன்" என்றாள்.

"வளைச்சுப் பார்த்தன், சரிவரல்ல. இருக்கட்டும், உனக்கென்ன அவசரம்?" என்றான் அண்ணன்.

அக்கா கையிலிருந்த அரியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த நாட்களில் அக்காவின் சிநேகிதி ஒருத்தி அடிக்கடி வந்துபோவாள். வகுப்புத் தோழி. உள்ளே வரமாட்டாள். சைக்கிளில் ஒரு கால், நிலத்தில் ஒரு கால் என்று கடப்படியில் நின்று கூப்பிடுவாள். ஒருநாள் அவள் வந்தபோது நான் கொய்யா மரத்தில் இருந்தேன்.

"என்ன, வாறியா இல்லயா?" என்று கேட்டாள் சிநேகிதி.

"இந்தக் கார் முடியட்டுங்கா. முடிஞ்ச உடன வாறன்" என்றாள் அக்கா.

"கார், கார் எண்டு எவ்வளவு நாளைக்கு?"

"முடியிறதப் பார்த்திட்டுத்தான் வருவன்."

சிநேகிதி சலித்துக்கொண்டு போனாள். ரியூசன் பேச்சு என்று நினைத்தேன். மரத்தில் அணில் கடித்த ஒரு பழம் இருந்தது, அதை எட்டிப் பறிப்பதில் என் கவனம் போய்விட்டது.

பிறகு அண்ணனுக்கு விசா வந்தது. மாமா குவைத்திலேயே அவனுக்கு ஒரு வேலை எடுத்துக் கொடுத்துவிட்டார். கொழும்பிலிருந்து செய்தி வந்த அன்று அம்மா அழுதாள், சிரித்தாள், மாமாங்கக் கோயிலுக்கு நேர்ந்தாள், திரும்பவும் அழுதாள். அப்பா தூணுக்குப் போய்ச் சங்கிலியைக் கழற்றினார். வீட்டில் அத்தனை நாளாகக் குனிந்திருந்த எல்லோரும் நிமிர்ந்த மாதிரி இருந்தது. அன்று இரண்டு வேளையும் அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அம்மா ஸ்டியரிங்கைக் கொண்டுவந்து அண்ணன் கையில் வைத்தாள். "வீடு கூட்டக்குள்ள கிடந்திச்சு மனே" என்றாள். அண்ணன் வாங்கிப் பார்த்தான். மூக்கருகே கொண்டு போனான். பிறகு அப்பாவிடம் நீட்டினான், அப்பா மணந்து பார்த்தார். கூனி மணம். ஒளிக்க முடியாத மணம். அப்பா சிரிக்கத் தொடங்கினார். அண்ணன் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "போடா, போடா" என்றாள். எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அது என்று யாருக்குத் தெரியும்?

அக்கா சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கை அண்ணனிடம் வாங்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் வைக்கட்டா அண்ணா?" என்று கேட்டாள். அண்ணன் பசையைக் கொடுத்தான். ஈர்க்கு நுனியில் ஒரு துளி எடுத்து, வலப்பக்கத் துளையில் வைத்து, பிடிக்கும்வரை விரலை எடுக்காமல் நின்றாள். அம்மா புது வாகனத்துக்குச் செய்கிற மாதிரி எல்லாம் செய்தாள். கற்பூரம் காட்டி, சந்தனப் பொட்டு வைத்தாள். சக்கரத்துக்கு அடியில் வைத்து நசிக்கத் தேசிக்காய் பெரிது, காரையே தூக்கிவிடும். அதனால் பிஞ்சுத் தேசிக்காய் நாலு பறித்து வந்தாள். அதுவும் நசியவில்லை. அப்பா காரை மெல்ல அமத்திக்கொடுக்க, நாங்கள் கைதட்டினோம். பக்கத்து வளவு மாமி வந்தாள். எல்லோரும் குனிந்து காரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா கையைக் கழுவிவிட்டு, சட்டை மாற்றி, கொப்பிகளைச் சைக்கிள் கூடைக்குள் வைத்தாள். "ரியூசனுக்குப் போயிட்டு வாறன்" என்றாள். அம்மா திரும்பாமலே, "வெயில் புள்ள, குடையக் கொண்டு போ" என்றாள்.

பொழுது படும்வரை அம்மா அண்ணனின் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கம் விடவில்லை. அக்காவின் செருப்பு இல்லை என்பதை நான்தான் முதலில் சொன்னேன்.

சைக்கிளும் குடையும் மறுநாள் துறையடியில் கிடைத்தன. வாவியைக் கடந்து ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகிற மிதவையை எங்கள் பக்கம் பாதை என்போம். இரண்டு பெட்டைகள் பாதையில் ஏறி, இயக்கம் நின்ற படுவான்கரைக்குப் போனதைக் கண்டதாகப் பாதைக்காரர் சொன்னார். கொப்பிகள் கூடைக்குள் அப்படியே இருந்தன. ஒரு துண்டுக் கடிதம் இல்லை. அப்பா படுவான்கரையில் ஊர் ஊராகத் திரிந்தார், வெல்லாவெளி வரை போனார். கேட்ட இடமெல்லாம், "பொம்புளப் புள்ளையா?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

அவள் திரும்பி வரவே இல்லை. போன அடுத்த வருடமா, பத்து வருடம் கழித்தா, எங்கே, எப்படி, ஒன்றும் தெரியாது. படத்துக்கு மாலை போட அம்மா விடவில்லை. கண் மூடும்வரை விடவில்லை. அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது, மகனையாவது காப்பாற்றினேன் என்று. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கூனிப் பேணிக் கதையைச் சொல்லுவாள். கடப்படியில் அக்கா சொன்ன சொல்லை நான் அம்மாவுக்குச் சொல்லவே இல்லை. கூனிக்குள் அவள் புதைத்தது மகளைத்தான் பிடித்து வைத்திருந்தது, தன் கையாலேயே அதை எடுத்துக் கொடுத்தாள் என்று எந்த வாயால் சொல்வது?

அண்ணன் குவைத்திலிருந்து கனடாவுக்குப் போனான். கார் அலுமாரி மேல் இருந்தது. சுனாமியில் அலுமாரியோடு விழுந்து சேற்றுக்குள் கிடந்தது. கதவு ஒன்று போய், பம்பர் கறுத்து, ஸ்டியரிங் கழன்று. கழுவி ஒரு பெட்டியில் போட்டு வைத்தேன். இந்தக் குழுவில் சேர்ந்து உங்களிடம் படித்த பிறகுதான் அதைத் தொடுகிற துணிவு வந்தது. குளிரில் பழைய பசை விட்டுவிடும் என்று நீங்கள் சொன்னபடி, மீன் வைக்கிற குளிர்ப்பெட்டியில் ஒரு இரவு வைத்தேன். காலையில் மெல்ல நெரித்ததும் கூடு கழன்று வந்தது. வெளிப் பெயின்றைக் கழற்ற பிரேக் ஒயிலில் ஊறப் போட்டேன். முன்தட்டையும் போடத்தான் கையில் எடுத்தேன். போட முன்னம் பூதக்கண்ணாடியால் ஒருதரம் பார்த்தேன்.

வேக முள்ளுக்குப் பக்கத்தில், வெள்ளைப் பெயின்றுக்குள் ஒரு மயிர். நகத்தளவு நீளம்கூட இல்லை. தூரிகையிலிருந்து கழன்று, பெயின்றோடு காய்ந்து இறுகிப்போயிருந்தது. அக்காவிடமிருந்து இந்த உலகத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். கெட்டிக்காரரே, பழைய பெயின்றை ஏன் கழற்றவில்லை என்று கேட்டீர்களே. அதுதான் காரணம். துளை வலப்பக்கத்தில் இருப்பது பிழை என்று எனக்கும் தெரியும். அது எங்கள் அப்பாவின் பிழை, அப்படியே இருக்கட்டும்.

இனி ஸ்டியரிங். எனக்கு ஒரே மகள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தாள், வேலை இல்லை. இப்போது இங்கிலாந்துக்குப் போக விசா வந்திருக்கிறது. நல்ல காரியம், நாலு பேரிடம் சொல்லிச் சந்தோசப்படுகிறேன். சொல்லிவிட்டு வந்து வாசலில் அவள் செருப்பைப் பார்க்கிறேன். அவள் போவது படிக்க, விமானத்தில், எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு. அதுவும் இதுவும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியாதா? நெஞ்சுக்குத் தெரியவில்லை.

"நான் போறதுக்குள்ள கார முடிச்சிருங்கம்மா. பார்த்திட்டுப் போறன்" என்று போன கிழமை சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் கடப்படியில் அக்கா சொன்னது கேட்டது. அன்று பின்னேரம் ஸ்டியரிங்கைக் காணவில்லை.

நேற்று மத்தியானம் அவள்தான் சமையல். கூனி வறுக்கப்போகிறேன் என்று மேல்தட்டிலிருந்து பேணியை எடுத்தாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எழும்பித் தடுக்க நேரமில்லை. மூடியைத் திறந்தாள். விரலால் கிண்டினாள். விரல் நின்றது. சின்ன வயதிலிருந்து அம்மம்மாவின் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். ஒதுங்கிய கூனியைத் திரும்ப அதன்மேல் தள்ளினாள். பிறகு மூடியைப் போட்டு, இறுக்கி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"கூனி முடிஞ்சு போச்சும்மா, முட்டை பொரிப்பம்" என்றாள்.

பேணி நிறையக் கூனி இருந்தது.